கண்ணால் பார்க்க வேண்டிய பழைய படங்கள்

இருபத்தைந்து வயதுள்ள ஓர் இளைஞர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "1950களையும் 60களையும் தமிழ் சினிமாவின் பொற்காலம் என்கிறீர்கள். தொலைக்காட்சியில் நான் பார்த்தவரை அவை மேடை நாடகத்தை அப்படியே படம் பிடித்ததுபோலத்தான் இருக்கின்றன. நீள நீளமான வசனம், நினைத்த இடத்தில் பாட்டு. உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த படங்கள் எவை, ஏன் பிடிக்கும், நான் எதிலிருந்து தொடங்கலாம்?" எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் படங்களைத் திரையிட்டு வருகிறவன் என்ற முறையில், கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் குறையில் உண்மை இருக்கிறது. தமிழ்ப் பேசும்படம் நாடகக் கம்பெனிகளின் மடியில் வளர்ந்தது. நடிகர்கள் அங்கிருந்து வந்தார்கள். பாட்டு வாத்தியார்களும் கதையும் அங்கிருந்தே வந்தன. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்றால், ஜனங்கள் அதைப் பார்க்கப் போனதைக் காட்டிலும் எம்.கே. தியாகராஜ பாகவதரைக் கேட்கப் போனார்கள் என்பதே சரி. 1952இல் 'பராசக்தி' வந்தபோது பாட்டின் இடத்தை வசனம் பிடித்துக்கொண்டது. கலைஞர் எழுதிய நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் படங்கள் நம் வீடுகளுக்குள் வந்ததே காது வழியாகத்தான். இலங்கை வானொலியில் பாட்டாக வந்தன; நம் வானொலி நிலையங்களில் ஒலிச்சித்திரமாக வந்தன; கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் குழாய் ஒலிபெருக்கி வழியாக வந்தன. 'திருவிளையாடல்' படத்தின் தருமி காட்சியை நான் பார்ப்பதற்கு முன்பே பத்து இருபது முறை கேட்டிருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் சொல்லவும் தெரியும். பிறகு ஒரு கோடை விடுமுறையில் டூரிங் டாக்கீஸ் மணல் தரையில் உட்கார்ந்து அதைத் திரையில் பார்த்தபோது திகைத்துப்போனேன். மண்டபத்தில் தனியாகப் புலம்பும் நாகேஷின் கையும் காலும் கழுத்தும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு பக்கம் இழுத்துக்கொண்டு போகின்றன. வறுமையும் ஆசையும் பயமும் அந்த ஒல்லி உடம்பில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இவ்வளவு நாளும் பாதிப் படத்தைத்தான் வைத்திருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. நான் கீழே சொல்லும் படங்கள் எல்லாமே இந்த ஒரு காரணத்துக்காகத்தான் எனக்குப் பிடித்தவை: காது நமக்குக் கொடுத்ததற்கு மேல், கண்ணுக்கென்று ஒரு பங்கு அவற்றில் இருக்கிறது.

படங்களுக்குள் போகும் முன் அந்தக் காலத்து ஸ்டுடியோக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜெமினி, ஏவி.எம்., விஜயா-வாஹினி, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவை பட்சிராஜா ஆகிய இடங்களில் தச்சர்கள், திரை வரைபவர்கள், விளக்குக்காரர்கள், ஒலிப்பதிவாளர்கள் என்று ஒரு பெரும் கூட்டமே மாதச் சம்பளத்தில் வேலை பார்த்தது. ஒரே தளத்தில் அதே ஆட்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்ததால், ஒரு படத்தில் கற்றது அடுத்த படத்துக்குப் பயன்பட்டது. கறுப்பு வெள்ளையில் கதாநாயகியின் சிவப்புப் புடவையும் பின்னால் உள்ள பச்சைச் சுவரும் ஒரே சாம்பல் நிறமாக விழுந்துவிடும். ஆகவே ஆளைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்ட, பின்னாலிருந்து தலைமுடியிலும் தோளிலும் ஒரு கோடு வெளிச்சம் விழச் செய்வார்கள். சாவித்திரியையும் பத்மினியையும் அந்தப் படங்களில் பார்க்கும்போது நமக்குத் தோன்றும் பொலிவில், அவர்களுடைய முகத்துக்கு இருக்கும் பங்கைப் போலவே, பெயர் தெரியாத அந்த விளக்குக்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 60களின் பிற்பகுதியில் வண்ணமும் வெளிப்புறப் படப்பிடிப்பும் பெருகி, நட்சத்திரச் சம்பளமும் ஏறியபின் இந்த ஏற்பாடு தளரத் தொடங்கியது. பொற்காலம் என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்த ஸ்டுடியோக்களின் காலத்தைத்தான்.

தொடங்க வேண்டிய படம் 'அந்த நாள்'. 1954 ஏப்ரலில் ஏவி.எம். வெளியிட்டது. பாட்டு ஒன்றுகூட இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. இதை இயக்கியவர் வீணை மேதை எஸ். பாலசந்தர் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது: சங்கீதமே மூச்சாக இருந்தவர், படத்துக்குப் பாட்டு தேவையில்லை என்று முடிவு செய்திருக்கிறார். கதை 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னை மீது குண்டு போட்ட இரவை ஒட்டி நடக்கிறது. வானொலிப் பொறியாளரான ராஜன் படம் தொடங்கிய உடனேயே சுடப்பட்டு விழுகிறான். விழுகிறவர் சிவாஜி கணேசன். 'பராசக்தி' வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், நாடே கொண்டாடிக்கொண்டிருந்த கதாநாயகனை முதல் காட்சியிலேயே பிணமாக்கிக் கதையைத் தொடங்குவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு துப்பறியும் அதிகாரி வருகிறார். அந்த வேடத்தில் நடித்த ஜாவர் சீதாராமன்தான் கதை வசனமும் எழுதியவர். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு தொடர்பிலிருந்த பெண், மனைவி உஷா என்று ஒவ்வொருவரையும் விசாரிக்க, ஒவ்வொருவரும் தாம் அறிந்த ராஜனைச் சொல்லி, கொலையை வேறொருவர் பக்கம் தள்ளுகிறார்கள். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமான்' படம் தந்த தூண்டுதல் இது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் அங்கே கேள்வி உண்மை என்ற ஒன்றை அறிய முடியுமா என்பது. இங்கே கேள்வி, திறமையுள்ள ஒருவன் ஏன் தேசத்துக்குத் துரோகியாகிறான் என்பது. மலிவான வானொலிப் பெட்டி செய்யும் தன் திட்டத்தை மதிக்க உள்ளூரில் ஆளில்லை என்ற கசப்பு ராஜனை எதிரியின் பக்கம் கொண்டு நிறுத்துகிறது. உஷாவாக நடித்த பண்டரிபாய்க்கு அவனிடம் உள்ள காதலும் நாட்டின்மீது உள்ள பற்றும் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொள்கின்றன. சிவாஜி இதில் குரலை உயர்த்துவதே அபூர்வம். தன்னம்பிக்கை மிகுந்த, கொஞ்சம் இளக்காரமான ஒரு புன்னகையை வைத்துக்கொண்டே படம் முழுவதையும் நடத்துகிறார்; அந்தப் புன்னகையை ஒருவர் நல்லதாகவும் இன்னொருவர் கெட்டதாகவும் நினைவுகூரும்போது நமக்கே அது வேறு வேறாகத் தெரிகிறது. சிவாஜி என்றால் உரத்த நடிப்பு என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான். முடிவைச் சொல்ல மாட்டேன். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது கட்டிக்காக்கத் தகுந்த முடிவு.

இரண்டாவது, ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 1962. 'கல்யாண பரிசு' மூலம் 1959இல் இயக்குநரான ஸ்ரீதர், மூன்றே ஆண்டுகளில், ஏறக்குறைய முழுப்படத்தையும் ஒரே ஆஸ்பத்திரி செட்டுக்குள் எடுத்தார். ஒரு மாதத்துக்குள் எடுத்து முடித்தார் என்று திரையுலகில் இன்றும் சொல்வார்கள். கதையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: புற்றுநோய் கண்ட கணவன் முத்துராமனை அழைத்துக்கொண்டு தேவிகா வந்து சேரும் ஆஸ்பத்திரியின் டாக்டர் கல்யாண்குமார், அவளை முன்பு காதலித்து இழந்தவர். வில்லன் கிடையாது. மூன்று பேருமே நல்லவர்கள் என்பதுதான் அவர்களுடைய துன்பம்.

இதில் ஒரு காட்சியைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். தான் இறந்துபோனால் டாக்டரையே மணந்துகொள் என்று கணவன் மனைவியிடம் சொல்லிவிடுகிறான். அவளுடைய பதில்தான் 'சொன்னது நீதானா'. கண்ணதாசன் வரிகள், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, பி. சுசீலாவின் குரல், கேட்காத தமிழர் இருக்க மாட்டார். கேட்டிருக்கிறோம், பார்த்திருக்கிறோமா? அந்த அறையில் உள்ளது ஒரு கட்டில், ஒரு நோயாளி, ஒரு பெண், நான்கு சுவர். நடனமோ பூந்தோட்டமோ கிடையாது. ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்டின் கேமரா தரையோடு தரையாகத் தாழ்ந்து, கட்டிலுக்கு அடியிலேயே நுழைந்து மறுபக்கத்தில் அவளைப் போய்ப் பிடிக்கிறது. கட்டில் இங்கே நோய்ப் படுக்கை. அதே சமயம் தாம்பத்தியத்தின் படுக்கையும் அதுவே. வசனகர்த்தாவாக இருந்து இயக்குநரான ஒருவர், அந்த இடத்தில் ஒரு பக்க வசனம் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. மேடை நாடகம் போல இருக்கிறது என்றீர்களே, எந்த மேடையில் பார்வையாளனைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோக முடியும்? அடுத்த ஆண்டே இந்தியிலும் இந்தக் கதையை ஸ்ரீதரே 'தில் ஏக் மந்திர்' என்று எடுத்தார். அதுவும் நல்ல படம்தான். இருந்தாலும் தேவிகாவின் அந்த முகம் என் மனத்தை விட்டு இறங்குவதில்லை.

'மாயா பஜார்' பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. 1957இல் விஜயா நிறுவனத்துக்காகக் கே.வி. ரெட்டி தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தது; தமிழில் அபிமன்யு ஜெமினி கணேசன். 'கல்யாண சமையல் சாதம்' பாட்டில் லட்டுகள் எழும்பி எஸ்.வி. ரங்காராவின் வாய்க்குள் பறப்பதை ஊரே அறியும். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் நிலா வெளிச்சத்தையும் அறியும். நான் பார்க்கச் சொல்வது சாவித்திரியை. ரங்காராவ் நடிக்கும் கடோத்கஜன், அபிமன்யுவின் காதலி வத்சலாவாக உருமாறி மணப்பெண்ணாக வருகிறான். அதாவது சாவித்திரி, ஒரு பெண்ணின் உடலுக்குள் இருக்கும் அரக்கனாக நடிக்க வேண்டும். நாணிக் குனிந்தபடியே அவர் சட்டென்று தோளை நிமிர்த்தும் விதத்திலும், புருவத்தை ஏற்றும் விதத்திலும், ரங்காராவின் பருத்த உடம்பு அந்த மெல்லிய உருவத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல இருக்கும். எந்தத் தந்திரக் காட்சியும் இதற்கு ஈடில்லை.

'சந்திரலேகா'வை (1948) முரசு நடனத்துக்காகப் பாருங்கள். தயாரித்து இயக்கிய ஜெமினி எஸ்.எஸ். வாசன் பணத்தைத் தண்ணீராகச் செலவிட்டார் என்பார்கள். வரிசை வரிசையாக நிற்கும் மாபெரும் முரசுகளின்மேல் பெண்கள் ஆட, ஆட்டம் முடியும் நேரத்தில் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளிப்பட்டுப் பாய்கிற அந்தக் காட்சியில், செலவழித்த ஒவ்வொரு காசும் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றப் பகுதிகளில் கதை அங்கங்கே தொய்வதை மறைப்பதற்கில்லை.

'பாசமலர்' (1961) உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும். யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் அதை முதலில் பார்க்கச் சொல்வதில்லை. அதன் உணர்ச்சி அழுத்தம் மிகுதி; அந்தக் காலத்து நடிப்பு முறைக்குக் கண் பழகியபின் பார்த்தால்தான் அதன் நேர்த்தி தெரியும். அப்போதும் 'மலர்ந்தும் மலராத' பாட்டில் கவனம் வையுங்கள். பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தையைத் தாலாட்டியபடி தனித்தனியே பாடுகிறார்கள். நேரில் பேசிக்கொள்ள முடியாத இருவரை ஒரே பாட்டுக்குள் உட்காரவைத்துப் பேசச் செய்ய இயக்குநர் பீம்சிங்குக்குப் படத்தொகுப்பு போதுமானதாக இருந்தது.

எம்.ஜி.ஆர். படம் ஒன்றுகூட இல்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். 'நாடோடி மன்னன்' (1958) இருக்கிறது. அவரே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்தது. பிற்பகுதி வண்ணத்தில் விரியும். ஆனால் அதைத் தனியாகக் கணினித் திரையில் பார்க்காதீர்கள். அரங்கமே கைதட்டும் என்று நம்பி, அதற்காக இடம் விட்டு எடுத்த படம் அது. நாலு பேராவது கூட இருக்க வேண்டும்.

சிரிப்புக்கு 'காதலிக்க நேரமில்லை', 1964. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் சேர்ந்து எழுதியது. சினிமா எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவான நாகேஷ், அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை ஒலியாகவே எல்லோரும் மனத்தில் வைத்திருக்கிறோம், நாகேஷின் வாய்ச் சத்தங்களோடு சேர்த்து. இந்த முறை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டு பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். முதலில் பெரிய மனிதரின் அலட்சியம். பிறகு சற்றே ஆர்வம். பிறகு கண் அகலுகிறது. கடைசியில் சொந்த வீட்டுக்குள் சொந்த மகனைப் பார்த்தே நடுங்குகிறார். அவர் பேசுவது கொஞ்சம்தான். கேட்பவரின் நடிப்பு இல்லாவிட்டால் சொல்பவரின் நகைச்சுவை அந்தரத்தில் நின்றிருக்கும்.

எப்படிப் பார்ப்பது என்பதிலும் சில விஷயங்கள் இருக்கின்றன. 50களின் படங்கள் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற அளவில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலத் தொலைக்காட்சியில் அவற்றை இழுத்து நிரப்பினால் முகங்கள் தட்டையாகிவிடும். மேலும் கீழும் வெட்டினால் நெற்றியும் கையும் போய்விடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். 'மாயா பஜார்' தெலுங்குப் படத்துக்கு 2010இல் வண்ணம் ஏற்றி வெளியிட்டார்கள். உழைப்பைக் குறை சொல்லவில்லை, ஆனால் பார்ட்லி சாம்பல் நிறத்தின் நூறு படிகளில் தீட்டியதைப் பார்க்க விரும்பினால் கறுப்பு வெள்ளையே வேண்டும். 2012இல் சிவாஜியின் பழைய 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது, அப்பா மகன் பேரன் என்று மூன்று தலைமுறைகள் சேர்ந்து வந்து பார்த்ததை நான் கண்டேன். நல்ல பிரதி கிடைத்தால் கூட்டம் வரும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். எல்லாப் படங்களுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. தமிழின் முதல் பேசும்படமான 1931ஆம் ஆண்டு 'காளிதாஸ்' படத்துக்குப் பிரதியே கிடையாது. தீப்பற்றக்கூடிய பழைய ஃபிலிம், சென்னையின் வெப்பமும் ஈரப்பதமும், பழைய சுருளை உருக்கி வெள்ளி எடுக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்து அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. இருப்பதையாவது பார்த்துவிட வேண்டும் என்ற பதைப்பு எனக்கு உண்டு; உங்களிடம் இவ்வளவு பேசுவதும் அதனால்தான்.

கடைசியாக ஏ.பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்', 1968. நான் அதிக முறை பார்த்த படம் இதுதான். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, கோபுலுவின் ஓவியங்களோடு வாரம் தவறாமல் வந்து ஏற்கெனவே எல்லோர் மனத்திலும் உருவம் பெற்றிருந்தது. அந்த உருவங்களுக்கு ஈடாக ஆட்களைக் காட்ட வேண்டிய கட்டாயம் நாகராஜனுக்கு இருந்தது. நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி, நாட்டியக்காரி மோகனாவாக பத்மினி, தவில் வித்துவான் முத்துராக்காக பாலையா, வைத்தியாக நாகேஷ், ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா என்று ஒருவரைக்கூட மாற்றி நினைக்க முடியவில்லை. நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி ஒரு சுரமும் வாசிக்கவில்லை. ஆனால் நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை உதட்டில் பொருத்திக்கொள்ளும் பக்குவம், கன்னம் உப்பி இறங்கும் கணக்கு, துளைகளின்மேல் விரல் ஓடும் வேகம், சுரத்தை நீட்டி நிறுத்தும் கார்வைக்குப் பிறகு வாங்கும் மூச்சு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நாதஸ்வரக்காரர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்கள் திரையிடலில் எழுந்து நின்று கும்பிட்டார்.

இந்தப் படத்தை முதல் முறை ஒலியோடு முழுதாகப் பாருங்கள். பிறகு 'நலந்தானா' காட்சிக்குத் திரும்பி வந்து ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள். கையில் காயம்பட்டுப் பிழைத்து வந்தவன் சபையில் நாதஸ்வரத்தோடு இருக்கிறான். அவனைப் பார்க்கத் தவித்தவள் எதிரே ஆடுகிறாள். ஊர் முழுக்கச் சுற்றி உட்கார்ந்திருப்பதால் ஒரு வார்த்தை கேட்க வழியில்லை. பத்மினியின் கை முத்திரை சபைக்கு நடனம் காட்டிக்கொண்டிருக்க, கண் மட்டும் அவனுடைய கைக்குப் போகிறது, முகத்துக்கு வருகிறது, மறுபடி கைக்குப் போகிறது. வாயில் வாத்தியம் இருப்பதால் அவனாலும் பதில் சொல்ல முடியாது. கண் கலங்குகிறது, விரல்கள் மட்டும் நிற்காமல் ஓடுகின்றன. பக்கத்தில் தவிலோடு பாலையா.